ஆறு குவார்ட்டர் பாட்டிலும் ஆரியங்காவு செக்போஸ்டும்

குற்றாலம்,
ஆனி ஒண்ணாந் தேதி.

மகள் வடிவாம்பாளுக்கு அப்பா சுடலையாண்டி சொல்லிக்கொள்வது. நானும் உன் அம்மை இசக்கியும் இங்கே சுகம். மஸ்கட்டில் நீயும் மருமகனும் பேரனும் சுகமாய் இருக்கணும். சாரல் விழ ஆரம்பித்துவிட்டது, அருவியில் எண்ணெய் தேய்க்க ஆள் வருது, குரங்குகளும் வந்தாச்சு. சொல்லுவது நான், எழுதுவது லாட்ஜில் கணக்கெழுதுகிற மிஸ்ரியா. "மாமா, குரங்கெல்லாம் எதுக்கு, விசயத்துக்கு வாங்க" என்கிறாள்.

விசயம் இதுதான் தாயீ. "குடிச்ச வாயோட எனக்குப் போன் போடாதீங்க, புள்ளையயும் தொட விடமாட்டேன்" என்று சொன்னாயல்லவா, இன்றைக்கு நூற்றியேழாவது நாள், ஒரு சொட்டுக் கிடையாது. அதற்கு முன்னால் தென்காசி பெரியாஸ்பத்திரிக்கு மூன்று தடவை கிளம்பினேன், அங்கே குடியை நிறுத்த வைத்தியம் உண்டு, டாக்டரும் நல்லவர். ஆனால் போகிற வழியில் அதே கவர்மெண்டு கடையையும் திறந்து வைத்திருக்குதே. மூன்று தடவையும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பின ஆள் கடையோடு நின்றுவிட்டேன். அப்புறம்தான் ஒரு யோசனை வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் கேரளாவில் மாசா மாசம் ஒண்ணாந் தேதி கடை அடைப்பு. நம்ம ஊரில் பனையேறிக் கள் இறக்கினால் கேஸ், அங்கே கள்ளுக்கடைக்கு போர்டு, ஆனாலும் ஒண்ணாந் தேதி பிராந்திக் கடைக்குப் பூட்டு. முதல் நாளை மட்டும் அங்கே தாண்டிவிட்டால் போதும் என்று மார்ச் ஒண்ணாந் தேதி விடிந்ததும் செங்கோட்டையில் பஸ் ஏறினேன்.

இங்கேதான் உன் அப்பன் புத்தியைக் காட்டினான். போகிற இடத்தில் நாலு பேருக்குத் தேய்த்துவிட்டுச் சாப்பிடலாம் என்று எண்ணெயை எடுத்துப் போனேன். நம்ம எண்ணெய் எதில் இருக்கும், குளிக்க வருகிறவன் குடித்துப் போட்ட குவார்ட்டர் பாட்டிலைக் கழுவி அதில்தானே ஊற்றி வைப்போம். அப்படி ஆறு. ஆரியங்காவு செக்போஸ்டில் எக்சைஸ்காரர் பையைத் திறந்தார். "எந்தா சேட்டா, ஒண்ணாந் தேதி நோக்கி ஆறு குவார்ட்டரோ" என்றார். எண்ணெய் சார் என்றேன். அது அதைவிடத் தப்பாய்ப் போச்சு. கஞ்சாவில் இருந்தும் ஒரு எண்ணெய் எடுக்கிறார்களாமே, எனக்கு எப்படித் தெரியும். "அதுக்கு மட்டும் ரெண்டு பக்கமும் ஒரே டெல்லிச் சட்டமாணு, ஜாமீன் எளுப்பமல்ல" என்றார், லேசில் வெளியே வர முடியாதாம். பஸ் முழுக்க வேடிக்கை பார்க்குது. எனக்குக் கை நடுக்கம் வேறு, குடிக்காத நடுக்கம், அதையும் திருட்டு முழி என்று நினைத்துவிட்டார். வேறு வழி தெரியாமல், சட்டைக் காலரை இறக்கும் சார் என்று அவர் கழுத்தில் நாலு சொட்டு விட்டுப் பிடித்துவிட்டேன். ரெண்டு நிமிசத்தில் கண்ணை மூடிவிட்டார். அடுத்த பஸ்சும் வந்து நின்றது.

முழித்துப் பார்த்து, எங்கே போகிறீர் என்றார். குடியை விடப் போகிறேன் என்றேன். சிரிக்கவில்லை. அங்கே பிடிக்கிற எக்சைஸ் டிப்பார்ட்மெண்டே குடி மறக்கிற ஆஸ்பத்திரியும் நடத்துதாம். அவரே போன் பண்ணி, அவர்கள் ஜீப்பிலேயே கொண்டு சேர்த்தார்கள். இருபத்தொரு நாள். முதல் அஞ்சு நாள் நான் பட்டதை எழுத வேண்டாம் என்று மிஸ்ரியாவிடம் சொல்லிவிட்டேன். மாத்திரை இப்போது தென்காசியில்தான் வாங்குகிறேன். மலையாளச் சீட்டைப் பார்த்து நம்ம டாக்டர், "என்ன அண்ணாச்சி, நான் இங்கன இருக்க, அவ்வளவு தூரம் போனீராக்கும்" என்று கேலி பண்ணினார். கடைத்தெருவைச் சுற்றி வேறு பாதையில் போய் வருகிறேன், அம்மையும் கூட வருகிறாள், காவலுக்கு.

மிஸ்ரியாவின் தம்பி மஸ்கட் வருகிறான், பேரனுக்குத் தேய்க்க எண்ணெய் கொடுத்திருக்கிறேன். மருந்துக்கடையில் வாங்கின புதுப் பாட்டில், பயப்படாதே.

நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் நூறு வயசு இருக்கணும். ஆடியில் நீங்கள் வரும்போது திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு நான் வருகிறேன். இறங்கினதும் முதலில் என் வாயை மோந்து பார். அப்புறம் பிள்ளையைக் கையில் கொடு. கை இப்போது நடுங்கவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா சுடலையாண்டி
(கீழே இருக்கிற கையெழுத்து நானே போட்டது, கோடு நேராய் இருக்குதா பார்.)