கிணற்றடிப் பாசி மூட்டைகள்

அன்பு மகள் மாரிச்செல்விக்கு, அம்மா எழுதுவது. நானும் உன் அய்யாவும் சுகமாக இருக்கிறோம். குவாஹாட்டிக் குளிர் உன்னைப் படுத்தாமல் இருந்தால் சரி.

முதலில் நல்ல செய்தி. லீவில் வந்தபோது தண்ணீரிலுள்ள காரீயத்தை உறிஞ்ச, கிணற்றடியில் நீ வைத்துவிட்டுப் போன பாசி டிரம் நன்றாக வேலை செய்கிறது. மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பிய தண்ணீரில் காரீயம் இருக்கலாம் என்கிற அளவுக்குள்தான் இருக்கிறதாம். பக்கத்தில் பழைய பேட்டரி உடைத்துக் காரீயம் எடுக்கிற கொட்டகை வந்ததிலிருந்து மூடிக் கிடந்த கிணறு அது. இன்று கன்றுக்குட்டி அந்தத் தண்ணீரில் வாய் வைத்தது, நான் வேலையை விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்றேன். மண்டபத்தில் கடல்பாசி எடுக்கிற பூமயில், டிரம்முக்குப் புதுக் கட்டக்கோரைப் பாசி கொண்டுவந்தாள். பாசி வாங்குற கம்பெனிக்காரன்கூட இம்புட்டுப் பதம் பாக்க மாட்டான், ஒம் மக பாசிக்கே பொண்ணு பாக்குறாளே என்று சிரித்தாள். உனக்கும் இந்தப் பார்சலில் கொஞ்சம் காயவைத்து அனுப்பியிருக்கிறேன்.

இனிமேல் எழுதுவதைப் போனில் சொல்ல முடியாது, அய்யா பக்கத்திலேயே நிற்பார். டிரம்மிலிருந்து எடுத்த பழைய பாசியை நீ சொன்னபடி சாக்கில் கட்டித் தனியாக வைத்திருந்தேன். நான் திருவாடானைக்குப் போயிருந்த அன்று, கடல்பாசி என்றாலே உரம் என்று பழகிய உன் அய்யா, ஒரு மூட்டையை அவிழ்த்து மிளகாய் நாற்றுப்பாத்தியில் கொத்திவிட்டார். தண்ணீரில் இருந்த காரீயம் இப்போது அந்தப் பாசிக்குள்தானே இருக்கிறது என்றேன். பாசிய வெசம்னு சொன்ன மொத ஆளு நீதாண்டி, நாத்து எப்படிக் கருகருன்னு நிக்கிது பாரு என்று கத்திவிட்டுச் சாப்பிடாமலே போய்விட்டார். தேடிப் போனால், அத்தனை நாற்றையும் பிடுங்கிப் போட்டு மேல்மண்ணை வெட்டிச் சாக்கில் அள்ளிக்கொண்டிருக்கிறார். இந்த மொளகாயத் திங்கப்போறது எவன் புள்ளையோ என்றார். நானும் ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். இப்போது வேறு இடத்தில் விதை தூவி முளைத்தும்விட்டது. ஆனாலும் அவருக்கு ஒரு கேள்வி. தண்ணியிலருந்து எடுத்தாச்சு, சரி, இத எங்கன கொண்டுபோயி வைக்க, ஒம் மககிட்டக் கேளு என்றார். உடனே, வேணாம் கேக்காத, அவ சிரிப்பா என்றும் சொல்லிவிட்டார்.

மழை பிடித்துவிட்டது. நனைந்தால் எல்லாம் மறுபடி மண்ணுக்குள் இறங்கிவிடும் என்று, பாசி மூட்டை, மண் மூட்டை எல்லாவற்றையும் நம் வீட்டுக் கொட்டகைக்குள் பலகை போட்டு அடுக்கியிருக்கிறார். இடம் போதாமல், யாரையும் தொடவிடாத அவருடைய பைக் வாசலில் நனைகிறது.

நீ நல்லபடியாக இருக்க வேண்டும் தாயி, படித்ததெல்லாம் கைகொடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது, உனக்கே நினைவு வந்ததுபோல், பழைய பாசியை என்ன செய்ய வேண்டும் என்று அய்யாவிடமே சொல். நான் எழுதியது தெரிய வேண்டாம். சிரிக்கவும் வேண்டாம்.

உன் அம்மா,
சண்முகவள்ளி