ஒண்ணுமில்லை என்று இனி சொல்லாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம் என்று ஆரம்பிக்கத்தான் ஆசை, ஆனால் என் வலது மணிக்கட்டை விட்டுவிட்டுத்தான் அப்படிச் சொல்ல முடியும், இந்தக் கடிதமே அதைப் பற்றியதுதான். உன் நலத்தை நான் கேட்கப்போவதில்லை, கேட்டால் என்ன பதில் வரும் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை போனில், ஆபீஸுக்குப் போக நீ புக் செய்த டாக்ஸியைப் பின்னால் வந்த வண்டி இடித்துவிட்டது, கழுத்து லேசாகப் பிடித்திருக்கிறது, ஒண்ணுமில்லம்மா என்று, ஏதோ பல் விளக்கியதைச் சொல்வது போலச் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குத் தாவிவிட்டாய். போனை வைத்த பிறகு எனக்குக் கைவேலை ஓடவில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே வார்த்தையை நானும் சொன்னேன். உன்னிடம் மறைத்துவிட்டோம். கோபப்படு, ஆனால் முழுசாகப் படித்துவிட்டுக் கோபப்படு.

அன்றைக்குப் பஸ்ஸைத் தவறவிட்டேன், கோர்ட்டில் டைப் செய்யவேண்டிய வாக்குமூலம் ஒன்று பாக்கி இருந்தது, அதனால் ஆப்பில் டாக்ஸி கூப்பிட்டேன். வந்தவருக்கு ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடியை நூல் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், நிதானமான மனுஷர். தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து நாலுமுனைச் சந்திப்பில் சிவப்பில் நின்றோம். நேரமாகிவிட்டதே என்று சிக்னலில் இறங்குகிற எண்களையே பார்த்துக்கொண்டிருந்தேன், பச்சை விழுந்தது, வண்டி நகர்ந்தது, இடப்பக்கத்திலிருந்து ஒரு ரொட்டிக் கம்பெனி வேன் நிற்காமல் வந்து முன்கதவில் மோதியது. முன் சீட்டில் ஊன்றிய என் கை மடங்கிக்கொண்டது. டிபன் டப்பா மூடி திறந்து சாப்பாடெல்லாம் மடியில். நெற்றியில் ரத்தம் வழிய அந்த மனுஷர் இறங்கி வந்து முதலில் என் கதவைத்தான் திறந்தார். கூட்டம் கூடியது, போலீஸ்காரர் வந்தார், உங்களுக்கு ஏதாவது அடியா என்று கேட்டார். நான் சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டே, எனக்கு ஒண்ணுமில்லை சார், வேலைக்கு நேரமாச்சு என்றேன். அவர் அப்படியே எழுதிக்கொண்டார். நான் வேறு வண்டி பிடித்துப் போய் மத்தியானம் வரை டைப் அடித்தேன். இருபத்தாறு வருஷமாக அடுத்தவர் வாக்குமூலத்தை அடிக்கிறவள். அன்றைக்கு ஒன்றுமில்லை என்றுதானே சொன்னீர்கள் என்று வக்கீல் கேட்கும்போது கூண்டில் நிற்கிறவர் முகம் சுருங்கிப்போவதை எத்தனை தடவை பார்த்திருக்கிறேன். அந்தப் புத்தியெல்லாம் எனக்கென்று வந்தபோது எங்கே போனதோ.

மறுநாள் காலையில் சீப்பைப் பிடிக்க முடியவில்லை. மணிக்கட்டு பணியாரம் மாதிரி உப்பியிருந்தது, கழுத்தைத் திருப்பினால் கண்ணில் பூச்சி பறந்தது. அப்பாதான் எனக்குத் தலை பின்னிவிட்டார், டிவிக்குள் ஒயரை முறுக்குவதைப் போல. எக்ஸ்ரேயில் சின்ன எலும்பு ஒன்றில் விரிசல், ஆறு வாரம் மாவுக்கட்டு. பதற்றத்தில் இருக்கும் உடம்புக்கு வலி உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும் என்று டாக்டர் சொன்னார். எந்தப் பக்கம் மோதியது, எப்படி மடங்கியது, கழுத்து, முழங்கால் எல்லாவற்றையும் சொல்லி, விபத்தால் வந்தது என்று சீட்டில் எழுதித்தரச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றவில்லை, போன் வந்தது. டாக்ஸி கம்பெனியின் இன்சூரன்ஸ் பக்கத்திலிருந்து ஒரு பெண், தேன் மாதிரிக் குரல், பேச்சு பதிவாகிறது என்று சொல்லிவிட்டு, இப்போது நன்றாகத்தானே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். ஆமாம் என்று வாய்வரை வந்துவிட்டது, நம்மை அப்படியே பழக்கிவைத்திருக்கிறார்கள். முழுங்கிவிட்டு, "எதுவானாலும் எழுதி அனுப்புங்கம்மா, படிச்சுப் பார்த்துட்டு எழுதியே பதில் தர்றேன்" என்றேன். அதற்குப் பிறகும் மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்று தடவையும் அதே பதில். அப்பாவுக்கு உதறல். ஸ்டேஷன், கோர்ட் என்று அலைவது நமக்கெதற்கு, கை சரியானால் போதும் என்றார். நான் இருபத்தாறு வருஷமாக தினமும் கோர்ட்டுக்குத்தான் போகிறேன், இதுவரை யாரும் என்னைத் தூக்கில் போடவில்லை என்றேன்.

நாலாம் நாள் அந்தக் கண்ணாடிக்கார டிரைவர் விலாசம் விசாரித்து வந்தார். உள்ளே கூப்பிட்டும் வாசற்படியிலேயே நின்றார். அவர்தான் சிவப்பில் பாய்ந்தார் என்று வேன்காரன் எழுதிக்கொடுத்துவிட்டானாம், கம்பெனி விசாரிக்காமலே அவருக்கு சவாரியை நிறுத்திவிட்டதாம். வண்டியில் இருந்த எனக்கு அடி இல்லை என்று எழுதியாகிவிட்டதால், சிக்னல் என்ன நிறம் என்று என்னிடம் யாரும் கேட்கவே இல்லை. தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க பார்த்ததை மட்டும் சொன்னா போதும்மா. எனக்காக எதையும் கூட்டிச் சொல்ல வேண்டாம்" என்றார். அவசரத்தில் நான் சொன்ன ஒரு வார்த்தை என் கையோடு நிற்கவில்லை, அவர் பிழைப்பிலும் விழுந்திருக்கிறது. விடக்கூடாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

அன்றைக்கே இடது கையால், கோழி கிளறியது போன்ற எழுத்தில், நடந்ததை நிமிஷம் நிமிஷமாக எழுதினேன். ஆப்பில் இருந்த சவாரி விவரம், வண்டி நம்பர் எல்லாவற்றையும் படம் எடுத்துவைத்தேன். ஆறாம் நாள்தான் அந்தச் சந்திப்புக்குப் போக முடிந்தது. மூலையில் சாவிக்கடை, ஒரு அம்மாள் நடத்துகிறார், கடைக்கு மேலே கேமரா. பதிவு ஏழு நாளைக்குத்தான் நிற்கும், பிறகு பழசு அழிந்துபோகும் என்றார், ஆனால் அதை எடுக்கத் தெரியாது, வம்பும் வேண்டாம் என்று அரத்தால் சாவியை ராவிக்கொண்டே இருந்தார். என்னோடு வந்த அப்பா, யாரோ வழிப்போக்கர் மாதிரிப் பத்தடி தள்ளி நின்றிருந்தார். நான் கட்டுப்போட்ட கையைத் தூக்கிக்கொண்டு மல்லுக்கு நிற்பதைப் பார்த்தாரோ என்னவோ, மெல்ல உள்ளே வந்து, ஒரு நிமிஷம் நான் பார்க்கட்டுமா என்று அந்த அம்மாளிடம் மரியாதையாகக் கேட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். முப்பது வருஷம் டிவி ரிப்பேர் பார்த்த கை, அரைமணி நேரத்தில் எடுத்துவிட்டார். திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "பச்சைதான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார், ஆனால் அங்கிருந்து ஸ்டேஷனுக்கு எனக்கு முன்னால் நடந்தது அவர்தான்.

ஸ்டேஷனில், எழுதியது எழுதியதுதான், மாற்ற முடியாது என்றார்கள். "அழிக்கச் சொல்லலை சார், அதுக்குக் கீழே இன்னிக்குத் தேதி போட்டு நான் எழுதினதையும் இந்தக் கேமராப் பதிவையும் சேர்த்துக்குங்க" என்றேன். மூன்று மணி நேரம் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், உட்கார்ந்தோம். இடது கைக் கையெழுத்து ஒத்துப்போகாது என்று சொல்லி, காலமெல்லாம் எழுத்தைக் கட்டி மேய்த்தவளிடம் கைநாட்டு வாங்கினார்கள். வைத்தேன், அதற்கு ரசீதும் வாங்கினேன்.

ஐந்து வாரம் கழித்துக் கண்ணாடிக்காரருக்கு சவாரி திரும்பக் கிடைத்தது. வேனின் இன்சூரன்ஸ்காரர்கள் தப்பை ஒத்துக்கொண்டார்கள், இத்தோடு முடிந்தது என்று ஒரு தாளையும் நீட்டினார்கள். கை எந்த அளவுக்குத் தேறும் என்று டாக்டர் சொல்லாமல் அதில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று வைத்திருக்கிறேன். கட்டைப் பிரித்தாகிவிட்டது, ஆனால் இரண்டு விரல் இன்னும் மரத்துத்தான் கிடக்கிறது, டைப்பில் பழைய வேகத்தில் பாதிகூட இல்லை. இப்போதைக்கு ரெக்கார்டு ரூமில் போட்டிருக்கிறார்கள். முதல் நாள் அங்கே அலமாரிக்குப் பின்னால் நின்று அழுதேன், உன்னிடம் மறைப்பானேன். இப்போது தினமும் காலையில் ரப்பர் பந்தை நூறு தடவை அழுத்துகிறேன், திரும்ப மெஷினில் உட்காராமல் ஓய்வு பெறப்போவதில்லை.

அதனால் நீ நாளைக்கே டாக்டரிடம் போகிறாய், சனிக்கிழமை பார்க்கலாம் என்ற பேச்சே வேண்டாம். பின்னாலிருந்து இடித்தார்கள் என்று சொல்லி எழுதி வாங்கு, வலியில் எதையும் குறைத்துச் சொல்லாதே, கூட்டியும் சொல்லாதே. சவாரி விவரம் ஆப்பிலிருந்து மறைவதற்குள் படம் எடு, நடந்ததை மறப்பதற்குள் எழுதிவை, போலீஸில் பதிவாகியிருந்தால் நகல் வாங்கு, பதிவாகவில்லை என்றால் நீயே போய்ச் சொல். யார் போனில் குழைந்து பேசினாலும் நன்றாக இருக்கிறேன் என்று வாயை விடாதே, எதிலும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதே. அந்த ஊர்ச் சட்டம் எனக்குத் தெரியாது, அதனால் அங்கே ஒரு வக்கீலைப் பார். உன்னை ஏற்றிவந்த டிரைவர் எப்படி இருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேள், அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்கள்.

நீ நோய்நொடி இல்லாமல், நிமிர்ந்த கழுத்தோடு நூறு வருஷம் இருக்க வேண்டும், எங்கள் இருவர் ஆசியும் என்றும் உனக்கு உண்டு. கடைசியாக ஒன்று. டாக்டர் சீட்டின் படம் வெள்ளிக்கிழமைக்குள் என் போனுக்கு வந்தாக வேண்டும். வராவிட்டால் நான் அங்கே வருகிறேன். லீவு லெட்டர் டைப் செய்து கைப்பையில் வைத்திருக்கிறேன், தேதி மட்டும்தான் போடவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மா