போனுக்குள் போன முகங்கள்

பங்குனி 14, செவ்வாய்.

கோபத்தில் நித்திரை வரவில்லை.

காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டு நாங்கள் போராட்டம் இருக்கும் கிளிநொச்சிக் கொட்டகைக்கு முன்னால், சிவில் உடுப்பில் வரும் அந்தப் புலனாய்வுக்காரன் இன்றும் வந்து போனில் வீடியோ எடுத்தான். போன கிழமை வீட்டுக்கே வந்தவன். போனில் என் மகளின் முகத்தைப் பெரிதாக்கிக் காட்டி, "இந்தப் பிள்ளை எங்க வேலை செய்யுது?" என்று கேட்டான். அன்றிலிருந்து அவள் கொட்டகைப் பக்கம் வருவதில்லை.

இன்று அவன் போனைத் தூக்கியதும் முல்லைத்தீவு மரியக்கா, "தங்கச்சி, படத்தை முகத்துக்கு நேர பிடி" என்றார். மடியில் இருந்த என் கணவரின் படத்தால் முகத்தை மறைத்தேன். எல்லாப் பெண்களும் தங்கள் தங்கள் ஆக்களின் படத்தால் அப்படியே செய்தார்கள்.

"முகத்தைக் காட்டுங்கோ!" என்று கத்தினான்.

"காட்டுறம்தானே, வடிவாப் பாருங்கோ," என்றார் மரியக்கா. "நீங்கள் கொண்டுபோன ஆக்கள்தான்."

இந்நேரம் மேலிடத்துக்கு அனுப்பியிருப்பான். அனுப்பட்டும். மகளைப் பெரிதாக்கிப் பார்த்த கண்ணால் இவரையும் பெரிதாக்கிப் பார்க்கட்டும். இப்படி ஒருவர் தங்களுடைய பதிவிலேயே இல்லை என்றுதானே இத்தனை வருசமும் சொன்னார்கள்?

இனி இருக்கிறார். நாளைக்கு இதைவிடப் பெரிய படம் கொண்டுபோவேன்.