கேரம் ஆட வயது எதற்கு

வியாழன், இரவு.

எதிர் குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்தவர் நன்றாகக் கேரம் ஆடுவாராம். அவர் மனைவி சொன்னதாக என் மனைவி சொன்னாள். இந்தச் சுரங்க நகரியத்தில் எனக்குச் செய்தி சொல்ல நிறையப் பேர் உண்டு; சும்மா பேச ஒருவரும் இல்லை. அதனால் மாலையில் நானே போனேன். அவர் வாசலில் பைக் துடைத்துக்கொண்டிருந்தார். பழக்கதோஷம், பத்திரிகை நிருபராகவே ஆரம்பித்துவிட்டேன்: பெயர், வயது, சொந்த ஊர், எந்த மைன்ஸ், எந்த ஷிஃப்ட். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னவர், துணியைக் கீழே வைத்தார்.

"சார், பேப்பர்ல எதுவும் போட்டுடாதீங்க. இப்பத்தான் பர்மனென்ட் ஆச்சு."

"ஐயோ, கேரம் ஆடக் கூப்பிடத்தாங்க வந்தேன்."

"அதுக்கு எதுக்கு சார் என் வயசு?"

உள்ளே அவர் மனைவி சிரிப்பது கேட்டது. அவர் சிரிக்கவில்லை. யாரிடம் போய் நின்றாலும் என் வாயில் இதே கேள்விகள்தான் வருகின்றன.

"இந்த வாரம் நைட் ஷிஃப்ட்டுங்க. ஞாயித்துக்கிழமை பாக்கலாம்" என்றார்.

வருவாரா என்பது உறுதியாகவில்லை. ஞாயிறு மாலைக்குள் தெரிந்துவிடும். வந்தால், உட்காரச் சொன்னபின் என்ன பேசுவது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.