சேவர் அறையில் கடைசி வேலை

சல்லி, திருகோணமலை
04.02.2024

அன்புள்ள ஜெஸ்மின்,

டோஹாவில் நீயும் சஜீத்தும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்கள் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. பாரிசவாதம் வந்த பிறகு சிவரூபனின் இடக்கை இன்னும் மடங்கியபடிதான். கிழமை தவறாமல் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் பயிற்சி செய்விக்கிறேன். துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டிய மனிதர், பொத்தான் பூட்ட மனைவி என்னைக் கூப்பிட வெட்கப்பட்டுத் திறந்த சட்டையோடு இருக்கிறார்.

போன் இருக்கத் தாளில் எழுதுகிறாளே என்று சிரிப்பாய். போனில் உன் குரல் கேட்டால் எனக்கு அழுகைதான் வரும், விஷயம் வராது. கந்தோரில் வேலைக்கென்று தந்த மெயிலில் எழுதவும் ஏலாது. இனி அதில் போவது வருவது எல்லாவற்றையும் சேமித்து வைக்கப் போகிறார்களாம்.

செய்தியே அதுதான். பத்து வருஷத்துக்கு முன் நீயும் நானும் வியர்த்து வழிய நிறுவினோமே அந்தக் கூட்டுச் சேவர் கொம்பியூட்டர்கள், கப்பல் பிரிவும் ஸ்டோர்ஸும் கணக்குப் பிரிவும் கோப்புகளை ஒரே இடத்தில் போட்டுத் திருத்துவது அவற்றில்தானே, அவற்றில் உள்ள பழையதையெல்லாம் எடுத்துக் கொழும்பில் பத்திரப்படுத்த ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். அதற்கு முன்னால் சேவர்களை ஆயத்தம் செய்யும் பொறுப்பு என் தலையில். நீ இப்போது இந்தத் துறையில்தானே இருக்கிறாய். எங்கே தொடங்குவது என்று சொல்லித் தா.

மற்றப்படி கந்தோர் அப்படியேதான். மதியம் டவுனில் திரியும் மான்கள் வாசலுக்கு வந்து சாப்பாட்டுப் பார்சல் கடதாசியைத் தின்கின்றன. உன் கதிரையில் நான் ஒருவரையும் இருக்க விடுவதில்லை.

உன்
சுலோ


டோஹா
22.02.2024

அன்பான சுலோ,

உன் கையெழுத்தைக் கண்டதும் தபாலை உடைக்காமல் கொஞ்ச நேரம் வைத்துக்கொண்டிருந்தேன். சிவரூபன் அண்ணனை நினைத்துத் அல்லாஹ்விடம் துஆ கேட்கிறேன். இங்கே சஜீத்துக்கு வேலை நின்றுபோனது உனக்குத் தெரியும். இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. என் வேலையில்தான் வீடு நிற்கிறது.

நீ சொன்ன வேலை எங்கள் கொம்பனிக்குத்தான் வந்திருக்கிறது. அங்கே நீ இருக்கிறாய் என்பதில் எனக்குப் பெரிய ஆறுதல். வேறு யாரும் என்றால் பயந்திருப்பேன்.

முதலில் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதியாக முழுப் பக்அப் எடு. எடுத்ததைத் திரும்ப ஏற்றிப் பார்க்காமல் ஒன்றிலும் கை வைக்காதே. பிறகு அந்த மென்பொருளுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று திற. உன் பெயரிலும் வேண்டாம், மனேஜர் பெயரிலும் வேண்டாம். ஆள் மாறினால் வேலை நின்றுவிடும். எல்லாப் பிரிவுகளின் பக்கங்களையும் வாசிக்கிற உரிமையை அந்தக் கணக்குக்குக் கொடு. திருத்துவதற்கென்று எடுத்துப் பூட்டிவிட்டு மறந்துபோகிறார்களே, அந்தக் கோப்புகள்தான் தொல்லை. பூட்டியிருந்தால் மென்பொருள் அதைத் தொடாமல் தாண்டிப் போய்விடும். ஆளாளிடம் போய் விடுவிக்கச் சொல்லு. விலகிப் போனவர்களுடைய பக்கங்களுக்கு இருக்கிறவர் ஒருவரைப் பொறுப்பாக்கு.

நீ ஏன் வேறு ஏதாவது படிக்கக் கூடாது, சுலோ? இந்த வேலை ஒன்றையே நம்பி இருக்காதே. சும்மா சொன்னேன்.

உன்
ஜெஸ்மின்


சல்லி
17.03.2024

அன்புள்ள ஜெஸ்மின்,

நோன்பு நாளில் உன்னைத் தொந்தரவு செய்கிறேன், பொறுத்துக்கொள். நீ எழுதியபடியே செய்துகொண்டு போகிறேன். பக்அப் ஏற்றிப் பார்த்தேன், சரி. கணக்குத் திறந்தாயிற்று. கணக்குப் பிரிவுப் பக்கம் மட்டும் கதவைத் திறக்க மாட்டேன் என்று நின்றது. உரிமையை ஒரு படி மேலிருந்து கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது.

பூட்டிய கோப்புகளுக்காக ஸ்டோர்ஸ் முனாப் நானாவிடம் போனேன். அவர் பூட்டி வைத்திருந்தது ஒரு குவியல். "எல்லாத்தையும் விட்டுடுங்கோ நானா" என்றேன். "புள்ள, எல்லாத்தையும் விட்டுக்குடுத்தா பொறகு நான் என்னத்துக்கு இங்க?" என்று கேட்டார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் வீடு வரும் வரைக்கும் அந்தக் கேள்வி என்னோடு பஸ்ஸில் வந்தது.

ஜெஸ்மின், பழையது எல்லாம் கொழும்புக்குப் போனால், புதியதையும் அங்கேயே வைக்கத்தானே பார்ப்பார்கள்? பிறகு இங்கே சேவர் எதற்கு, நான் எதற்கு? கொழும்பு மனேஜர் அஸாம் சேரிடம் கேட்டேன். "முதல்ல வேலைய முடிங்க" என்று மட்டும் சொன்னார்.

நிலாவெளிப் பக்கத்துப் பல்கலைக்கழக வளாகத்தில் கொம்பியூட்டர் ஆய்வுகூடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். சித்திரை முடிய முன் விண்ணப்பிக்க வேண்டும். சம்பளம் குறைவு. ஆனால் வீட்டுக்குக் கிட்ட, மதியத்தில் ஓடிவந்து இவருக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போகலாம். கிடைத்தால் இந்த வேலையை நடுவில் விட்டுப் போக வேண்டும். கொழும்புக்கு மாற்றினால் என்னால் போக ஏலாது, இவரை யார் பார்ப்பது?

நீ அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவள். போனில் கேட்டால் வேறு கதைக்குப் போய்விடுவாய் என்றுதான் எழுதிக் கேட்கிறேன். இந்த வேலை முடிந்த பிறகு எனக்கு இங்கே இடம் இருக்குமா? இருக்கும் என்று நீ சொன்னால் நான் விண்ணப்பிக்க மாட்டேன்.

உன்
சுலோ


டோஹா
03.04.2024

அன்பான சுலோ,

கடிதம் கிடைத்தது. நோன்பும் கந்தோரும் வெயிலுமாக நாட்கள் போகின்றன. மகள் முதல் தடவையாக நோன்பு பிடித்தாள். பின்னேர அசர் தொழுகைக்குப் பிறகு தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்துவிட்டாள். பாவமாகவும் இருந்தது, சிரிப்பாகவும் இருந்தது. பெருநாளுக்கு அவளுக்கு நீல நிறத்தில் ஒரு சட்டை எடுத்திருக்கிறேன்.

நீ கேட்டதற்கு நான் என்ன சொல்ல? மேலிடத்து யோசனைகள் எங்களைப் போன்றவர்களுக்கு எங்கே தெரிகிறது. ஒன்றுக்கும் அவசரப்படாதே. இத்தனை தூரம் கொண்டுவந்த வேலையை நடுவில் விட்டால் உன் பெயர்தான் கெடும். முடித்துக் கொடுத்துவிட்டு ஆறுதலாக யோசிக்கலாம். நன்றாகச் செய்தவளை யாராவது விடுவார்களா?

சிவரூபன் அண்ணனுக்கு ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன். ஊருக்கு வரும் யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன்.

ஜெஸ்மின்


சல்லி
23.06.2024

ஜெஸ்மின்,

வியாழக்கிழமை வேலை முடிந்தது. கடைசிப் பிரிவும் பிழையில்லாமல் போய்ச் சேர்ந்தது. அஸாம் சேர் கொழும்பிலிருந்து வந்திருந்தார். கேக் வெட்டினார்கள். முனாப் நானா எனக்கு ஊட்டிவிடச் சொல்லித் தன் மகளைக் கூட்டி வந்திருந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு அஸாம் சேர் என்னை உள்ளே கூப்பிட்டார். "இந்த மாசத்தோட சேவர் அறைய மூடுறம். உங்களுக்குத் தெரியும்தானே" என்றார். தெரியாது என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதிரையை நகர்த்தித் தந்தார்.

"ஜெஸ்மின் மிஸ் சொல்லேல்லையா? தை மாசமே முடிவெடுத்த விஷயம். இதுக்குப் பொறகு திருகோணமலையில ஆள் தேவைப்படாதெண்டு அவதானே எங்களுக்கு விளங்கப்படுத்தினா. முடியிற மட்டும் வெளியில விடவேண்டாமெண்டு நாங்க சொன்னதுதான். ஆனா உங்களுக்கு மட்டும் எப்பிடியும் சொல்லியிருப்பா எண்டு நினைச்சன்."

அந்த மனிதர்கூட அப்படித்தான் நினைத்திருக்கிறார், ஜெஸ்மின்.

தை மாசம் என்றால், என் முதல் கடிதம் உன் கையில் கிடைக்க முன்னமே உனக்குத் தெரியும். நான் விண்ணப்பிக்கவில்லை. வளாகத்தில் வேறு பிள்ளை ஒன்று வேலைக்குச் சேர்ந்துவிட்டது. நல்ல பிள்ளையாம்.

உன் நிலைமை எனக்கு விளங்காமல் இல்லை. சஜீத் வேலையில்லாமல் இருக்கிறார். நான் நடுவில் விட்டுப் போயிருந்தால் உன்னைத்தான் கேட்டிருப்பார்கள். நீ "எனக்குச் சொல்ல ஏலாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். மிச்சத்தை நானே விளங்கியிருப்பேன். உன்னைக் காட்டிக்கொடுத்திருக்கவும் மாட்டேன். நீ பெருநாள் சட்டையின் நிறத்தை எழுதினாய்.

வீட்டில் சொன்னபோது இவர், "அவளுக்கும் பிள்ளை குட்டி இருக்கு. விடும்" என்றார். விடத்தான் பார்க்கிறேன்.

கணக்குகளையும் பாஸ்வேர்ட்களையும் ஒழுங்காக ஒப்படைத்துவிட்டேன். உங்கள் கொம்பனிக்கு என்னால் ஒரு குறையும் வராது. தைலம் அனுப்ப வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

சுலோஜனா


கின்னியா
05.01.2025

என் சுலோவுக்கு,

எழுத வேண்டாம் என்றாய். இத்தனை மாதமும் எழுதாமல்தான் இருந்தேன். லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன், நாளை விடிய விமானம். அதனால் எழுதுகிறேன்.

நேற்று உன் வீட்டுக்கு வந்தேன். சிவரூபன் அண்ணன் முற்றத்தில் இருந்தார். என்னைக் கண்டதும் ஒற்றைக் கையால் சட்டையை இழுத்து மூடிக்கொண்டார். "இருங்கோ தங்கச்சி, அவ வந்திடுவா" என்றார். நீ டவுனில் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் போட்டோகொப்பி அடித்துக் கொடுக்கிறாய் என்றும் அவர்தான் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. "காலம வெள்ளன போறா, களைச்சுப்போய் வாறா" என்று மட்டும் சொன்னார். பிறகு இரண்டு பேரும் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வலைக்காரர்கள் கரையேறிவிட்டார்கள். நீ வரவில்லை. அவர் தேத்தண்ணீர் வைக்கக் குசினிக்கு எழும்பினார். அவர் எழும்பிய விதத்தைப் பார்க்க ஏலாமல், நேரமாயிற்று என்று சொல்லி வெளிக்கிட்டேன்.

டவுனில் இறங்கியபோது நீ சல்லி பஸ்ஸுக்கு நின்றிருந்தாய். மெலிந்துவிட்டாய். நான் உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். நீ திரும்பினாய், சுலோ. என்னைக் கண்டாய். உன் முகத்தில் கோபத்தைத் தேடினேன், அதுகூட இருக்கவில்லை. பக்கத்தில் ஒரு பஸ் புறப்பட்டுக்கொண்டிருந்தது. நீ அதில் ஓடி ஏறினாய்.

அது கந்தளாய் பஸ். உன் வீடு இருப்பது மற்றத் திசையில். இருட்டுப்பட்ட பிறகு எந்தச் சந்தியில் இறங்கினாயோ, எப்படி வீடு போய்ச் சேர்ந்தாயோ. அதை மட்டுமாவது யாரிடமாவது சொல்லியனுப்பு.

ஜெஸ்மின்