கண்ணாடி அலமாரியில் உங்கள் கயிறு

என் பிரியமுள்ள சம்பந்தியம்மாவுக்கு,

நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகு உங்களிடம் சண்டை போட வாய்ப்பில்லாமல் போயிற்று. இன்றைக்கு வேறு ஆட்கள் மேல் உள்ள கோபத்தையெல்லாம் உங்களிடம்தான் கொட்டப்போகிறேன். நான் படித்தது அஞ்சாம் கிளாஸ். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகளோடு இருக்க நீங்கள் என் மகன் வீட்டுக்கு வந்தபோது, "ரெண்டு சம்பந்திங்க ஒரே ஊட்ல எத்தினி நாளைக்கு?" என்று தெருவே வேடிக்கை பார்த்தது. ஒன்பது வருஷம் இருந்தோம். நமக்குள் சண்டை வந்ததெல்லாம் குழம்புக்கு எவ்வளவு புளி என்பதில்தான்.

பழவேற்காட்டிலிருந்து நீங்கள் கொண்டுவந்தது ஒரு பழைய வலையின் மேல்கயிறு, மிதவைகளோடு. எதற்கு இந்தக் குப்பை என்று கேட்டேன், நினைவிருக்கிறதா? நம் தெருப் பிள்ளைகளுக்கு ஹைவேக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். எளாவூர் செக்போஸ்ட்டுக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே, தடுப்புச் சுவரில் யாரோ உடைத்த சந்து வழியாகக் குறுக்கே ஓடுவார்கள். நீங்கள் ஒருநாள் அந்தக் கயிற்றை நீட்டினீர்கள். ஆளுக்கொரு மிதவையைப் பிடிக்கச் சொல்லி, பாலத்தடி வழியாகச் சுற்றி அழைத்துப் போனீர்கள். பத்து நிமிஷம் கூடுதல் நடை. "கைய வுட்டா மீனு பூடும், பாத்துக்கோ" என்பீர்கள். ஒருத்தரும் விடமாட்டார்கள். அதது தன் மிதவைக்குப் பேர்கூட வைத்திருந்தது.

போன ஆடியில் நீங்கள் கண்மூடியதோடு அது நின்றது. நானும் கயிற்றைப் பிடித்து அழைத்துப் போய்ப் பார்த்தேன். பாலத்தடிச் சரிவில் முட்டி மடங்கி உட்கார்ந்துவிட்டேன். என்னைத் தூக்கி நிறுத்தியது அந்தப் பிள்ளைகள்தான்.

அதனால் மேல்நிலைப் பள்ளிக்குப் போய், சேவைக் குழுவைப் பார்த்துக்கொள்ளும் சாரைக் கேட்டேன். பெரிய பிள்ளைகள் அதே நேரத்தில் அதே பக்கம்தானே வருகிறார்கள்? தினம் ஒருத்தர் கயிற்றைப் பிடித்தால் போதாதா?

"சேவை சனிக்கிழமைதாம்மா. பேனர் கட்டி, போட்டோ புடிச்சி மேல அனுப்பணும். தெனம் பத்து நிமிஷம்னா அத நான் எதுல எழுதறது?"

நல்ல மனுஷர்தான். அவர் தலையில் ஆயிரம் வேலை. ஆனால் அந்தப் பதிலை இன்னும் என்னால் விழுங்க முடியவில்லை.

நம் பேத்தி கீர்த்தனாதான் குழுவுக்கு லீடர். பதினொன்றாம் வகுப்பு. பள்ளி வாசல் பேனரில் அவள் படம் பார்த்தால் எனக்கு நெஞ்சு நிமிரும். உங்களைப் பற்றிக் கட்டுரை எழுதி முதல் பரிசு வாங்கினாள். கண்காட்சிக்கு உங்கள் கயிற்றைக் கேட்டார்கள். நானே துடைத்து, மடித்துக் கொடுத்தேன். அது என் தப்பு. திரும்பி வரவில்லை. கண்ணாடி அலமாரியில் பூட்டி, 'தன்னலமற்ற சேவையின் சின்னம்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். அதைப் பார்த்து அழுதேன், பெருமையில். என்ன புத்தியோ!

அப்புறம்தான் சாலைப் பாதுகாப்புப் பேரணி. லாரிகளையெல்லாம் நிறுத்தி, கோஷம் போட்டுப் போனார்கள். சின்னப் பிள்ளைகள் ஓரத்தில் நின்று கை தட்டின. மறுநாள் காலை, ஒரு சின்னப் பெண் நடு ரோட்டில் செருப்பு கழன்றது என்று திரும்பி ஓடினாள். லாரி கிறீச்சிட்டு நின்றது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. செருப்புதான் டயருக்கு அடியில்.

மதியமே பள்ளிக்கூடம் போனேன்.

"கயித்தக் குடுங்க சார்."

"ரிஜிஸ்டர்ல ஏத்தியாச்சும்மா. ஹெச்.எம். கையெழுத்து இல்லாம எடுக்க முடியாது."

"சின்னது ஒண்ணு இன்னிக்கு டயருக்கு அடியில போயிருந்தா, அதுக்கும் அலமாரி வச்சிருக்கீங்களா சார்?"

கீர்த்தனா அங்கேயே நின்றிருந்தாள். சாயங்காலம் வீட்டுக்கு வந்து பையை வீசினாள்.

"எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்ட ஆயா. ஒரே பேஜாரு உன்னோட."

"இருக்கட்டும். நீ எந்த வழியா சைக்கிள்ல வந்த?"

வீசிய பையை எடுத்து ஆணியில் மாட்டினாள்.

"சொல்லு. சந்து வழியாவா, பாலத்தடியாவா?"

"...சந்து வழியாத்தான்."

"பழவேற்காட்டு ஆயாவப் பத்தி எழுதின கைதானே அது?"

அவள் சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. விடிந்து பார்த்தால் கொல்லையில் துணி காயப்போடும் கயிற்றைக் காணோம். துணியெல்லாம் சுவர்மேல் குவிந்திருந்தது. வாசலுக்கு வந்தேன். கயிற்றில் வரிசையாக முடிச்சுப் போட்டு அவள் முன்னால் நடக்கிறாள். பின்னால் ஏழு பிள்ளைகள். பெரிய பையன்கள் ரெண்டு பேர், "இன்னாடி, ரயிலு ஓட்றியா?" என்று சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

உடனே சந்தோஷப்படாதீர்கள். மூன்று நாள் போனாள். நாலாம் நாள் ஸ்பெஷல் கிளாஸ் என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. பிறகு யோசித்தேன். ஒன்பது வருஷத்தில் நாம் ஒரு நாளாவது வேறொருத்தரை அந்தக் கயிற்றைப் பிடிக்க விட்டோமா? நீங்கள் இருக்கிறீர்கள் என்று ஊரே நிம்மதியாக இருந்துவிட்டது. நானும்தான்.

இப்போது திங்கள் கீர்த்தனா. செவ்வாய் அவள் சிநேகிதி. மற்ற மூன்று நாளும் நான் சந்துக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்துகிறேன். பாதிப் பிள்ளைகள் கேட்கின்றன, பாதி ஓடுகின்றன. தொண்டை போய்விட்டது.

உங்கள் மேல் ஆணையாகச் சொல்கிறேன். அந்த மூன்று நாளுக்கும் மூன்று பெரிய பிள்ளைகள் கிடைக்கும் வரை அந்த சார் வாசலை விடமாட்டேன். ரயில் என்று கிண்டல் பண்ணினவர்களில் ஒருத்தனிடம் ஏற்கெனவே பேசிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றான். உங்கள் கயிறு அலமாரியிலேயே கிடக்கட்டும். துணி சுவர்மேலேயே காயட்டும்.

புளி அதிகம் என்று குறை சொல்ல ஆளில்லாமல் சமைக்கும்,
உங்கள் சம்பந்தி,
கீர்த்தனாவின் இன்னொரு ஆயா