வேலி தாண்டிய தென்னை

போர்ட்லண்ட், ஜமைக்கா
4 மே 1964

என் மகன் லின்வாலுக்கு,

பேத்தி பிறந்த செய்தி கிடைத்தது. தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொல்லிவிட்டேன். ஒரே சேதியை எத்தனை தரம் சொல்வாய் என்று பக்கத்து வீட்டு இனெஸ் திட்டுகிறாள்.

உன் தொப்புள்கொடியைப் புதைத்து நான் நட்ட தென்னை இன்று கூரைக்கு மேலே நிற்கிறது. அதன் பக்கத்திலேயே குழி தோண்டி வைத்திருக்கிறேன். குழந்தையின் கொடியைப் பஞ்சில் சுற்றி அனுப்பு. அது இங்கே இருந்தால்தான் அவள் நம் வீட்டுப் பிள்ளை. உன்னைத்தான் குளிர் தேசத்துக்குக் கொடுத்துவிட்டேன், இவளையுமா?

உன் அப்பா,
ஹியூபர்ட்

பர்மிங்காம், இங்கிலாந்து
29 மே 1964

அன்புள்ள அப்பாவுக்கு,

அவளை முதலில் கையில் வாங்கியபோது துணியை விலக்கி முகத்தைப் பார்த்தேன். கண்ணைத் திறந்து என்னையே பார்த்தாள். எங்கிருந்து வந்தாள் இவள் என்று மலைத்து நின்றேன். நெற்றி அப்படியே உங்களுடையது. பெவர்லி என்று பெயர் வைத்தோம்.

கொடி விஷயத்தில்தான் வீட்டில் சண்டை. உங்கள் மருமகள் மெர்ல் பிடிவாதமாக இருக்கிறாள். "புள்ள இங்கதான் நடக்கப் போறா, இங்கதான் படிக்கப் போறா. வேர் அங்க, தலை இங்கன்னு நான் வளக்க மாட்டேன்" என்கிறாள். கொல்லையில் ஒரு பேரிக்காய் மரம் இருக்கிறது, அதனடியில் புதைக்கலாமாம். எனக்கும் அது நியாயமாகப் படுகிறது. ஆனால் நீங்கள் சம்மதிக்காமல் மண்ணைத் தொடமாட்டேன். கொடி டப்பாவில் இருக்கிறது. ஒரு வரி எழுதுங்கள், அப்பா.

உங்கள் லின்வால்

போர்ட்லண்ட்
11 ஜூலை 1965

லின்வால்,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. பதில் போடாததற்குக் கோபம்தான் காரணம், வேறென்ன.

போன செப்டம்பர் புயலில் உன் தென்னை வேலியை உடைத்துக்கொண்டு இனெஸ் முற்றத்தில் சாய்ந்தது. உன் கொடி புதைத்த மரமல்லவா, உனக்கு என்ன ஆயிற்றோ என்று பயந்துவிட்டேன். உன் அடுத்த கடிதம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. மரத்தை வெட்ட மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டேன்.

நேற்று இனெஸ் கூப்பிட்டாள். "ஹியூபர்ட்டு, உன் மரம் என் வீட்டுல காய்ச்சிருக்கு. வந்து பாத்துக்க, அப்புறம் நான் திருடிட்டேன்னு சொல்லாத."

போய்ப் பார்த்தேன். தரையோடு படுத்த மரம், தலையை மட்டும் வளைத்து வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருக்கிறது. வேர் என் மண்ணில், குலை அவள் முற்றத்தில். தொப்பியைக் கழற்றிவிட்டேனடா. கோயிலில்கூட நான் அப்படி நின்றதில்லை.

இனி அதிலிருந்து விழுகிற காய் இனெஸ் மண்ணில்தான் முளைக்கும். முளைக்கட்டுமே. அதுவும் என் தென்னைதான்.

இங்கே தோண்டிய குழியை மூடிவிட்டேன். பெவர்லியின் கொடியைப் பேரி மரத்தடியில் புதை. நாய் கிளறாத ஆழத்தில் புதை. மெர்லும் கூட நிற்கட்டும்.

அந்த மரம் எப்போது காய்க்கும் என்று எழுது.

அப்பா